சவுரிப் பெட்டியில் படித்த ஆங்கிலம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் நான், அதுவும் தமிழ் மீடியம். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். அப்படிப்பட்டவள் ஆங்கில வார்த்தைகளைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இந்த ஆங்கிலம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. அதனால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று ஒரு தைரியம்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். வளையல், பொட்டு, கம்மல் எல்லாம் முன்பக்கம். முதலாளி பாய் கல்லாவில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொள்வார். கடைசியில், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைமுடிச் சாமான்கள் என் பொறுப்பு. கிளிப், ரப்பர் பேண்ட், கொண்டை ஊசி, கொண்டை வலை, குஞ்சலம், சவுரி. சவுரி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குட்டை முடிக்காரர்கள் தங்கள் முடியோடு வைத்துப் பின்னிக்கொள்ளும் முடி. சரியாகப் பின்னினால் இடுப்பு வரை ஜடை தொங்கும், யாருக்கும் தெரியாது.

இந்தச் சாமான்கள் வரும் பெட்டிகளின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். அர்த்தத்தைச் சரக்கைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். காயில் என்றால் சுருள் சுருளாக இருக்கும் பிளாஸ்டிக் பேண்ட். ட்விஸ்ட் என்றால் முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும் கிளிப். நாட் என்று எழுதிய பெட்டியில் முடிச்சுப் போட்ட துணி பேண்ட். இதெல்லாம் சரி. ஆனால் ஒரு பெட்டியில் பிரெய்ட் என்று இருக்கும், இன்னொன்றில் வேறு ஒரு வார்த்தை இருக்கும், திறந்தால் இரண்டிலும் ஒரே பின்னல். ஏன் இரண்டு பெயர் என்று மனதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. யாரிடம் கேட்பது? பாயிடம் கேட்டால், "சரக்கு ஒன்னுதானம்மா, ரேட்டை மட்டும் பாரு" என்பார்.

அப்போதுதான் டீச்சர் வர ஆரம்பித்தாள். சேலையூரில் ஒரு சின்னப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள். சனிக்கிழமை மதியம், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வருவாள். தலையைச் சுற்றித் துப்பட்டா, பெரிய கண்ணாடி. சவுரி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். மற்ற ஆட்கள் போகும்வரை பொட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது தெரியும் என்பதால் நான் சத்தமாக எதுவும் கேட்க மாட்டேன். என் கூச்சம் உபயோகப்படுகிற ஒரே இடம் அதுதான்.

அவளுக்குப் பின்னந்தலையில் புழுவெட்டு. ஒரு ரூபாய் நாணயம் மாதிரி இரண்டு மூன்று இடத்தில் முடி கொட்டி வழவழப்பாக இருக்கும். மற்ற இடத்தில் முடி கழுத்துவரைதான். இரண்டாவது முறை வந்தபோது அவளாகவே துப்பட்டாவை எடுத்துக் காட்டினாள்.

"இது மறையுமாக்கா?"

"மறையும் டீச்சர்" என்றேன். நிறம் பார்த்து, கொஞ்சம் செம்பட்டை கலந்த சவுரி ஒன்றை எடுத்து, நானே வைத்துப் பின்னிக் காட்டினேன். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பெட்டிகளைக் காட்டி அந்தச் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன்.

"ரெண்டுமே பின்னல்தான்க்கா. அமெரிக்காக்காரன் பிரெய்ட்ம்பான். நாங்க ஸ்கூல்ல பிளாட்னு சொல்லிக்குடுப்போம்."

"பிளாட்டா? ஜிஎஸ்டி ரோடு பூரா மனை விக்கிறவன் போர்டு வெச்சிருக்கானே, அதுவா?"

அவள் சிரித்த சிரிப்பில் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அது வேற பிளாட்டுக்கா. அதை நம்மளால வாங்க முடியாது. இதை வாங்கலாம்."

அதிலிருந்து அவள் வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை என்று வழக்கமாகிவிட்டது. பார்சல் கட்டுகிற சணல் ட்வைன். இரண்டு புரியை ஒன்றாக முறுக்கியது. கொடி கம்பியைச் சுற்றிக்கொண்டு ஏறினாலும் ட்வைன்தான். இரண்டு கொடி ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு எது எதுவென்று தெரியாமல் போனால் என்ட்வைன். கொக்கி கொக்கியாகக் கோத்தது லிங்க். முறுக்குக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டேன். "முறுக்குதான்க்கா" என்றாள்.

ஒருநாள் நான் ஒரு சவுரியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். நுனியிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலிருந்து சீப்பைப் போட்டால் எல்லாம் இறுகிப்போகும்.

"இது டேங்கிள்" என்றாள் டீச்சர். "நாட் இல்லை. டேங்கிள் தானா விழறது. நாட் யாரோ போட்டது. டேங்கிள்னா பொறுமையா இருந்தா போதும், வந்துடும். நாட்டை அவுத்துத்தான் ஆகணும்."

"தமிழ்லயும் அப்படித்தான் டீச்சர். சிக்கு விழும், முடிச்சு போடுவோம். ஆனா முடிச்சை அவுக்கிறவனுக்கு இங்க பேரே திட்டாச்சே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பாய்தான் கல்லாவிலிருந்து, "முடிச்சவிக்கி!" என்று குரல் கொடுத்தார். "இன்னாம்மா, என்கிட்ட பேசுன்னா ஊமையா இருக்கே, டீச்சர் வந்தா ஜோக்கெல்லாம் வருது" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வேலை முடிந்து ஸ்டேஷன் மேம்பாலத்தில் நடக்கும்போது இந்த வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். கீழே கோத்துக்கொண்டு நிற்கும் ரயில் பெட்டிகள் லிங்க். விளக்குக் கம்பத்தில் தொங்கும் கேபிள் வயர்கள் டேங்கிள். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆங்கிலம் என்பது என் வரையில் சத்தமில்லாமல் படிக்கிற ஒன்று.

இந்தச் சமயத்தில் என் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு ஜாதகத்துக்கு அடுத்தது முடி. அவளுக்கு இந்த வயதிலும் இடுப்புவரை முடி உண்டு. வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டு, ஈரத்தோடு மாடியில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரிகள் கண் வைப்பார்கள் என்பது அவள் நம்பிக்கை. ஏற்கெனவே ஒரு பெண்ணை, "எலி வால் மாதிரி தொங்குது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். தம்பி அன்று சாப்பிடாமல் எழுந்து போனான்.

அடுத்து வந்த பெண் சேலையூரில் டீச்சர் என்றார்கள். தாம்பரத்தைச் சுற்றி டீச்சருக்கா பஞ்சம்? போட்டோவை நானும் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல், பட்டுப் புடவையில் யாரோ போலத்தான் தெரிந்தாள். பெண் பார்க்கப் போன அன்று, காபி தட்டோடு அவள் உள்ளேயிருந்து வந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சவுரி வாங்க வரும் அதே டீச்சர். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

அம்மா கவனிக்கவில்லை. அவள் குறி வேறு. "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தும்மா, வெயில் மூஞ்சிலே அடிக்குது" என்றாள். வெயிலாவது ஒன்றாவது. பெண் திரும்பி நடந்தால் ஜடை தெரியும், அதற்காக. டீச்சர் போய் ஜன்னலைச் சாத்தினாள். ஜடை இடுப்பைத் தொட்டுக்கொண்டு அசைந்தது.

அம்மா என் தொடையில் இடித்தாள். "முடியப் பாத்தியா?"

"பாத்தேன்மா."

பார்க்காமல் என்ன? என் கையால் நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்தது. என் கடைச் சரக்கை என் அம்மா மெச்சுகிறாள். மூலையில் நின்றிருந்த டீச்சர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான காரியமும் இல்லை.

பிறகு தம்பியும் டீச்சரும் மாடியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"முடி விஷயத்தை அவங்களே சொல்லிட்டாங்கக்கா."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கே முன்நெத்தி ஏற ஆரம்பிச்சிடுச்சு, நீங்க அதைப் பாக்கலையான்னு கேட்டேன்."

"அம்மாகிட்ட?"

"கல்யாணம் முடியட்டும். நானே சொல்றேன். இப்ப சொன்னா அந்த எலி வால் கதைதான்."

அந்தச் சனிக்கிழமை டீச்சர் கடைக்கு வந்தாள். "உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்கக்கா, நான் எதுவும் நினைக்க மாட்டேன்" என்றாள். உள்ளே போய், புதிதாக வந்திருந்த கட்டிலிருந்து நீளமான சவுரி ஒன்றை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். "கல்யாணப் பூவைத் தாங்கும். இதுதான் நல்லா நிக்கும்" என்றேன்.

அவள் அதைத் தடவிக்கொண்டே ஒரு பழைய கதையைச் சொன்னாள். முன்பு வேலை பார்த்த பள்ளியில், பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது வண்டலூர் பூங்காவில் ஒரு பையன் விளையாட்டாக ஜடையைப் பிடித்து இழுத்திருக்கிறான். கையோடு வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், கூட வந்த டீச்சர்களும் சிரித்தார்கள். மறு வாரமே அந்தப் பள்ளியை விட்டுவிட்டாள்.

"உங்க அம்மாவுக்குத் தெரியட்டும்க்கா, அதுக்குப் பயப்படல. என்னிக்கிருந்தாலும் தெரியத்தானே போகுது. மேடையில, எல்லார் முன்னாடியும், அது மட்டும் வேணாம்" என்றாள்.

"நான் பாத்துக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

கல்யாணம் சேலையூரில் ஒரு சின்ன மண்டபத்தில். பார்லரிலிருந்து வந்த பெண்ணை மேக்கப்போடு நிறுத்திவிட்டு, ஜடையை நானே பின்னினேன். கறுப்பு நூல் கொடுத்து இறுக்கிக் கட்டி, ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, மேலே பூ தைத்தேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். நாத்தனார் நான். எத்தனையோ கல்யாணத்தில் பார்த்ததுதான். ஆனால் மேடையில் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றதும் ஒன்று உறைத்தது. தாலிக்கயிறு ஜடைக்குக் கீழே போக வேண்டும். அதற்கு யாராவது ஜடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ராயபுரத்திலிருந்து வந்திருந்த அத்தை அதற்காகவே பட்டுப் புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அத்தை கை எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் எனக்குத் தலை பின்னினால் இரண்டு நாளைக்குக் கண் இழுத்துக்கொண்டிருக்கும்.

"நவுரு, நான் தூக்கினு நிக்கிறேன், நீ முடிச்சைப் போடு" என்றாள்.

"வேணாம் அத்தை, நானே பாத்துக்கிறேன்."

"மூணு கை கீதா உனக்கு?"

அதற்குள் கெட்டி மேளம். தம்பி கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முதல் முடிச்சைப் போட்டான். நான் ஜடையைத் தூக்கி என் இடது தோளில் சாய்த்து, கன்னத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதையும் போட்டேன். அட்சதை தலையில் விழுந்தது. மேளம் நின்றது. நிமிர்ந்தால், ஜடை என்னோடு வரவில்லை.

குனிந்து பார்த்தேன். மஞ்சள் கயிறு இன்னும் ஈரமாக இருந்தது. என் கடைசி முடிச்சுக்குள் சவுரியின் முடி ஒரு கொத்து மாட்டியிருந்தது. மூன்று முடிச்சில் ஒரு முடிச்சு ஜடையையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

அடுத்தது குங்குமம். மாப்பிள்ளை பெண்ணின் தலைக்குப் பின்னால் கையைச் சுற்றிக் கொண்டுவந்து வகிட்டில் வைப்பார், பெண் குனிய வேண்டும். குனிந்தால் கயிறு இழுக்கும், கயிறு சவுரியை இழுக்கும், ஊசிகள் ஒவ்வொன்றாக விடும். கத்தரிக்கோல் கேட்கலாமா? தாலி கட்டிய கையோடு கழுத்துக்கிட்டே கத்தரிக்கோல் என்றால் மண்டபமே அலறும். முடிச்சை அவிழ்த்துக் கட்டலாமா? அதற்கு மேடையை விட்டு நானே இறங்கி ஓடிவிடலாம்.

"குனிஞ்சுக்கோம்மா" என்றார் சாஸ்திரி.

டீச்சர் குனியவில்லை. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள். "அக்கா. நாட் ஆர் டேங்கிள்?"

மேடையில் அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். கீழே இருநூறு பேராவது இருப்பார்கள். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொன்னேன்.

"டேங்கிள். ஒன்லி டேங்கிள்."

"தென் ஐ வில் வெயிட்" என்றாள். அப்படியே சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நான் முட்டி போட்டு அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கயிறு அசையக் கூடாது. முடிதான் வர வேண்டும். நுனியைத் தேடி, ஒவ்வொரு இழையாக முடிச்சிலிருந்து உருவ ஆரம்பித்தேன். கடையில் செய்கிற வேலைதான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா, பிரேம்ல வர்றீங்க, லெப்ட்ல வாங்க" என்றான் போட்டோக்காரன். நான் அசையவில்லை. "அக்கா, பிங்க் புடவை அக்கா!"

"இன்னாடி பண்றே அங்க?" என்றாள் அத்தை. "தாலி கட்டறியா, தறி நெய்யறியா?"

"பூ மாட்டிக்கிச்சு அத்தை."

"நவுரு, நான் ஒரே இழுப்புல எடுத்துத் தர்றேன்."

அத்தை கை நீட்டினாள். தம்பி அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ!" என்று காலைப் பிடித்துக்கொண்டான். "கால் மரத்துப்போச்சு சாமி. ஒரு நிமிஷம். அத்தை, கொஞ்சம் பிடிச்சு விடேன்."

"மாப்பிள்ளைக்கு இப்பவே காலு போச்சாம்டி!" என்று அத்தை சத்தமாகச் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போனாள். கீழே எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய கட்டை விரலை அத்தை முறுக்கிய முறுக்கில் அவன் அடுத்த தடவை நிஜமாகவே கத்தினான். போட்டோக்காரன் அதைப் படம் எடுக்கப் போய்விட்டான்.

கடைசி இழை வந்தது. ஜடையை மெதுவாக முதுகில் விட்டு, அவள் தோளைத் தொட்டேன். டீச்சர் குனிந்தாள். தம்பி குங்குமம் வைத்தான். மேலே விமானப்படை விமானம் ஒன்று தாழப் பறந்து போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு மணமகள் அறையில் அவளுக்குப் பூவையும் ஊசிகளையும் எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தாழ் போட்டிருந்ததாகத்தான் நினைத்தேன். அம்மா வெற்றிலைத் தட்டோடு உள்ளே வந்தாள். சவுரி என் கையில் இருந்தது. டீச்சர் கழுத்துவரை முடியோடு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அம்மா கதவைச் சாத்தினாள். தட்டை நாற்காலியில் வைத்தாள். டீச்சர் எழுந்து நின்றாள். துப்பட்டாவைத் தேடவில்லை.

"அவனுக்குத் தெரியுமா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"முதல் நாளே சொல்லிட்டேன் அத்தை" என்று டீச்சர் பதில் சொன்னாள்.

"உனக்கு?"

"எங்க கடையில வாங்கினதும்மா."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது." அம்மாவின் குரல் உயரவில்லை. எங்களிடம் கேட்காமல் சவுரியை என் கையிலிருந்து வாங்கினாள். எடை பார்ப்பதுபோல் பிடித்து, நுனிவரை விரலை ஓட்டினாள். "ஜன்னலைச் சாத்தச் சொன்னேனே, அப்ப இதுவா?"

"அது பழசு. இது கல்யாணத்துக்கு."

"மேடையில பூ மாட்டிக்கிச்சுன்னியே."

"பூ இல்லம்மா."

அம்மா டீச்சரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய், பின்னந்தலையைத் திருப்பி, அந்த வழவழப்பான இடத்தை விரலால் தொட்டாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எரியுமா?"

"இல்லத்தை."

"கழுத்தை வளைக்காம அவ்ளோ நேரம் உக்காந்திருந்தியே. நான் திமிருன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. சவுரியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கோபமா, இல்லையா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. டீச்சர் என்னைப் பார்த்து, "நாட்டா, டேங்கிளாக்கா?" என்றாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வேனில் அம்மா யாருடனும் பேசவில்லை.

மறுநாள் நான் கடைக்குப் போனேன். மதியம் அம்மா போன் செய்து, வரும்போது சின்ன கிளிப் ஒரு அட்டை வாங்கி வரச் சொன்னாள். "குட்டை முடிக்குப் போடறது. கறுப்பா இருக்கட்டும்" என்றாள். வாங்கிக்கொண்டு போனேன்.